இருபத்திரண்டு சீட்டுகள்

சென்னை – 4
5.1.1986

அன்புள்ள ஜாஹி,

புது வருஷத்தின் முதல் கடிதமே வேலை வாங்குகிற கடிதம். திட்டாமல் படி.

எங்கள் அகராதி ஆபீசில் எனக்கு ஒதுக்கியிருக்கும் ஆங்கிலச் சொல் ‘செட்’. மூன்றே எழுத்து, தப்பித்தேன் என்று நினைத்தேன். சூரியன் மறைந்தால் செட். சிமெண்ட் இறுகினால் செட். சினிமாவுக்குப் போடுவது செட், டென்னிசில் ஜெயிப்பது செட், முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்தால் அதுவும் செட். நூறைத் தாண்டிவிட்டேன், இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. மார்ச் 31க்குள் முடித்தால் வேலை நிரந்தரம்.

நம் பக்கத்துப் பேச்சில் அது எப்படிப் புழங்குகிறது என்று தனியாக ஒரு பகுதி உண்டு. கேட்டதைக் கேட்டபடியே, ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கியம். சொன்னவர் பெயர், ஊர், தேதி கட்டாயம் வேண்டும். நீ இங்கிலீஷ் டீச்சர், செஞ்சி கடைத்தெரு முழுக்க உன் மாணவிகளின் அப்பாக்கள். உன்னை விட்டால் எனக்கு யார்?

ஒரே ஒரு கடைக்கு மட்டும் போகாதே. எந்தக் கடை என்று உனக்குத் தெரியும்.

உன் சாரதா

*

செஞ்சி
19.1.1986

என் அருமை சாரு,

அந்த ஒரே கடைக்குத்தான் முதலில் போனேன். உன் நைனாவின் மைக்செட் கடையை விட்டுவிட்டு செட்டுக்கு வேறு எங்கே போவதாம்?

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. பத்திரிகை அடித்த கல்யாணத்தை விட்டு நீ பஸ் ஏறியது தப்பில்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். மாரியம்மன் திருவிழாவில் மைக்கை டெஸ்ட் பண்ணும்போது, “கந்தசாமிக்குப் பொண்ணே கெடையாது” என்று ஊருக்கே கேட்கும்படி உன் நைனா சொன்னது தப்புதான். அதற்காக இரண்டு பேரும் சாகும்வரை வாயை மூடிக்கொண்டே இருக்கப்போகிறீர்களா?

“யாருக்குமா இதெல்லாம்?” என்று சீட்டுகளைப் பார்த்துக் கேட்டார் உன் நைனா. மெட்ராசில் ஒரு ஆபீசுக்கு என்றேன். எந்த ஆபீஸ் என்று கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, “ஒக்காரு. எழுதிக்கோ” என்றார். இரண்டு நாள் போனதில் மூன்று சீட்டு அவருடையது, மற்றவை கடைத்தெருவுடையது.

அவருக்கு அறுபத்தெட்டு. பிரஷர் மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுகிறாராம், கடையில் வேலை செய்யும் பச்சைமுத்து அண்ணன் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவரோடு பேசிவிட்டுப் போ. நடுவில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பிறகு அழப்போவது நீதான்.

உன் ஜாஹிதா

*

சென்னை – 4
27.1.1986

ஜாஹி,

உன் கடிதத்தைப் படித்து, உன்மேல் கோபமாகத்தான் சீட்டுகளை எடுத்தேன். நைனாவின் மூன்றாவது சீட்டைப் படித்ததும் ஆபீஸ் என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். “பல்லு செட்டு வெச்சிக்கினா முறுக்கு கடிக்கலாம்ன்றாரு டாக்டரு. முறுக்கு யாரு சுட்டுத் தர்றது?” அப்படியே அவர் குரல். பக்கத்து மேஜை அரங்கநாதன் சார் எட்டிப் பார்த்தார்.

ஒரு விஷயம் கேள். இந்தச் சொல் ஒன்றே இல்லை, இரண்டு. உட்கார வைப்பது, நிலையாக வைப்பது என்ற பொருளில் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது ஒன்று. ஒருவர் பின்னால் போகிற கூட்டம் என்ற பொருளில் லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்தது இன்னொன்று. வேறு வேறு வீட்டில் பிறந்தவை காலப்போக்கில் ஒரே பெயரில் குடித்தனம் நடத்துகின்றன. ஒரே வீட்டில் பிறந்த எங்களால்தான் முடியவில்லை.

சரி, அவரிடமே இன்னும் கேள். ஒரு விதி இருக்கிறது. ஒருவரிடம் ஒரு நாளில் இரண்டு சீட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுத்தால், உட்காரவைத்துச் சொல்லச் சொன்னது, இயல்பான பேச்சு இல்லை என்று மேலதிகாரிகள் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

வருவதைப் பற்றி யோசிக்கிறேன். மாட்டேன் என்று சொல்லவில்லை.

சாரதா

*

செஞ்சி
3.2.1986

சாரு,

அவசரமாக எழுதுகிறேன். அவலூர்பேட்டையில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிறேன். ஒரு மாதமாவது ஆகும்.

இப்போதைக்கு உன் நைனாவின் சீட்டு எட்டு அனுப்புகிறேன். மீதி பின்னால் வரும். யோசித்தது போதும், வா.

ஜாஹி

*

சென்னை – 4
24.2.1986

அன்புள்ள ஜாஹி,

அம்மா எழுந்து உட்கார்கிறார்களா? இந்தக் கடிதம் அண்ணன் வீட்டு விலாசத்துக்கே வருகிறது.

நீ அனுப்பிய மீதிப் பதினான்கு சீட்டும் கிடைத்தன. அம்மாவைப் பார்த்துக்கொண்டே நடுநடுவில் செஞ்சிக்கும் போய்வந்திருக்கிறாய் போல. “அந்த நாலு பேரும் ஒரு செட்டு. ஒருத்தன சாப்டக் கூப்ட்டா நாலு எல போடணும்” என்பதைத் தட்டச்சு செய்கிற பெண்கூட ரசித்தாள். கடைசிச் சீட்டு இருபதாம் தேதி. “ரேடியோவுல ஸ்டேஷன் செட் பண்றதுக்குள்ள நியூஸே முடிஞ்சிபோவுது, அவனுங்க இன்னா அவ்ளோ அவசரமா படிக்கிறானுங்க?”

உண்மையைச் சொல்கிறேன். இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை பையை எடுத்து வைத்துவிட்டேன். அந்த வேகத்தில் மேலதிகாரியிடம் போனால், வேலையை முடித்துவிட்டு லீவு எடு என்றார். இப்போது உன் சீட்டுகளின் தேதிகளைப் பார்த்தேன். மனுஷன் தினமும் கடைக்கு வந்து நையாண்டி பண்ணிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். ஏப்ரல் முதல் தேதி நிரந்தர உத்தரவோடு வருகிறேன். பேசுகிறேன். சத்தியம்.

உன் சாரதா

*

செஞ்சி
2.3.1986

சாரு,

காலையில்தான் ஊருக்கு வந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கலியபெருமாள் சார் மத்தியான பஸ்ஸில் மெட்ராஸ் வருகிறார், இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி உன் நைனா கடையிலேயே விழுந்துவிட்டார். வலது கை, கால் வரவில்லை. பேச்சு போய்விட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, போன வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பச்சைமுத்து அண்ணன் பார்த்துக்கொள்கிறார். உன் விலாசம் ஊரில் என் ஒருத்தியிடம்தான் இருந்தது. நானோ அவலூர்பேட்டையில் அம்மாவின் கட்டிலை விட்டு நகரவில்லை.

பத்தாம் தேதி பேச்சு போனவர் இருபதாம் தேதி எப்படிப் பேசினார் என்று கேட்பாய். நான் எழுதிய தேதி அது. பிப்ரவரி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரே அமர்வில் இருபத்திரண்டு வாக்கியமும் அவர் சொன்னார். உங்கள் விதிக்காக ஒரு நாளைக்கு இரண்டாக முன்னும் பின்னும் பிரித்துப் போட்டேன். ஒரு தேதியில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன், பாவி. நீ அந்தத் தேதிகளை நம்பி உட்கார்ந்துவிட்டாய்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு நான் கிளம்பும்போது கேட்டார். “அவ வந்தா மொதல்ல நான் பேசணுமா, அவ பேசணுமா? டீச்சர் நீ, சொல்லு.” நீங்கதான் பெரியவர், நீங்க பேசுங்க மாமா என்றேன். கொஞ்ச நேரம் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “சரி, நானே பேசறேன். இத எழுதிடாத. வரட்டும்” என்றார். அதனால்தான் எழுதவில்லை.

உடனே புறப்படு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

ஜாஹிதா

*

செஞ்சி
5.3.1986
(பச்சைமுத்து அண்ணன் கையில்)

ஜாஹிதா,

இரண்டு தெரு தள்ளி இருக்கிற உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நேரில் பார்த்தால் கத்திவிடுவேன்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போய், தேதி பொய் என்று சொல்லி நைனாவின் சீட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். முதல் மூன்றும் உண்மை, அவை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். மற்ற இருபத்திரண்டும் என் பையில் இருக்கின்றன. செட் இப்போது அரங்கநாதன் சார் மேஜைக்குப் போய்விட்டது. நிரந்தரம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அதற்கு உன்மேல் கோபமில்லை. பத்தாம் தேதிக்கு முன்னால் வந்த அந்தச் சனிக்கிழமைதான் நெஞ்சை அறுக்கிறது. அன்றைக்கு நான் பஸ் ஏறியிருந்தால் அவர் பேசுவதைக் கேட்டிருப்பேன். உன் பொய்த் தேதிகள் வருவதற்கு முன்னாலேயே வேலைக்காகத் தங்கிவிட்டவள் நான். உன்னைத் திட்ட உட்கார்ந்தால் பாதி என்மேல்தான் விழுகிறது.

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உள்ளே போனேன். நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் முதலில் பேசுவதாகச் சொன்னாரே. நின்றுகொண்டே இருந்தேன். பச்சைமுத்து அண்ணனுக்குத் தாங்கவில்லை. “இன்னாமா, இன்னும் கோவமா? எதனா பேசுமா, பாவம்மா அவரு” என்று திட்டினார்.

நாற்காலியில் இருந்தவரின் வாய் கோணிக்கொண்டு போனது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. இரண்டு தடவை காற்று மட்டும் வந்தது. மூன்றாவது தடவை ஒரு சத்தம் வந்தது, ஜாஹி. சொல் இல்லை, எழுத்துகூட இல்லை. இடது கையால் நாற்காலியைத் தட்டி, ஆச்சு என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் நான் “நைனா” என்றேன்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் வா. அவருக்கு இடது பக்கமாக உட்கார், வலது பக்கம் திரும்ப முடிவதில்லை.

சாரதா