ஸ்பானிஷில் ‘பேசாதே’

மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், நீயும் சுகமாகத்தான் இருப்பாய், போன வாரம் போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, அக்கா வேலை மாறிவிட்டாள், நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

உனக்குத் தெரியாத சேதி ஒன்று. நம் சலவைக்கடை மாடியில் ஒரு டீச்சர் ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறார், சாயங்காலமானால் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு நானும் மாடியேறிக்கொண்டிருக்கிறேன். பேத்திக்கு அவள் அம்மா பேச்சுதான் வரும், தமிழ் வராது என்று நீ கைவிரித்துவிட்டாய், சரி, நாமாவது படிப்போம் என்று போனேன். அவள் பிறந்தநாளுக்குப் பேசி அசத்தவேண்டும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. போன மாதம் ‘செய்யாதே’ பாடம் நடந்தது. நமக்கு ‘ஆதே’ ஒட்டினால் வேலை முடிந்தது. அவர்களுக்கு முன்னால் ஒரு ‘நோ’ போட்டால் போதாது, வாலும் மாறவேண்டும். ‘ஆ’ என்று முடிந்தது ‘ஏ’ ஆகும், ‘ஏ’ என்று முடிந்தது ‘ஆ’ ஆகும், பின்னால் ஒரு ‘ஸ்’ வேறு. கோமே என்றால் சாப்பிடு, நோ கோமாஸ் என்றால் சாப்பிடாதே. நான் நோ கோமே என்று சொல்ல வகுப்பே சிரித்தது. ஆப்லா என்றால் பேசு. நோ ஆப்லேஸ் என்றால்?

நீயே சொல்லேன். போன வாரம் நீதானே சொன்னாய், நான் போனில் இருக்கும்போதே, குழந்தையிடம். சொன்ன கையோடு என்னிடம், அவளுக்கு உன்கிட்ட பேசக் கூச்சம்மா என்றாய். அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து இதே கூச்சம். அடப்பாவி, குழந்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று எத்தனை முறை அழுதிருப்பேன் தெரியுமா? என்மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டு, அந்தப் பிஞ்சு வாயை ஏன் பூட்டுகிறாய்? மருமகளைக் குறை சொல்லமாட்டேன், அவள் குரலே கேட்கவில்லை. எல்லாம் உன் வேலை.

அப்புறம் குழந்தை கத்தினாளே, நோ கோர்த்தேஸ், பாப்பா என்று. அங்கே அப்பாவைத்தான் பாப்பா என்பார்களாம், உனக்குப் பொருத்தம்தான். அந்தக் கோர்த்தேஸ்தான் நான் படிக்காத சொல். மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். கட் பண்ணாதே என்று அர்த்தமாம். நீ கட் பண்ணிவிட்டாய்.

குழந்தை நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும், மருமகளும். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, பெற்ற பாவம். மாத்திரையை விடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், போனைக் குழந்தையே எடுக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா