வாப்பாவின் கையில் சேராத கடிதம்

என் அன்பு வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் நீங்கள் உறங்கும் கப்றை விசாலமாக்கி, ஒளியாக்கி வைக்கட்டும்.

இன்று உங்களுடைய டிப்போவுக்குப் போய் வந்தேன். தனியாக இல்லை, இருபத்துமூன்று மாணவிகளோடு. உங்கள் மகள் இப்போது பாடசாலையில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான டீச்சர். ஆஸ்பத்திரி, வங்கி, நீதிமன்றம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரிகிறேன். பஸ் டிப்போவையும் பட்டியலில் சேர்த்தபோது அதிபர், "பொம்புளப் புள்ளைகளுக்கு அங்க என்ன வேலை டீச்சர்?" என்றார். "என்ன வேலை இரிக்கெண்டு பாக்கத்தானே சேர் போறம்" என்றேன். அந்த வாய் உங்களிடமிருந்து வந்ததுதான்.

ஏன் டிப்போ என்று உங்களுக்குத் தெரியும். நான் பத்தாம் ஆண்டு படித்தபோது, பெற்றோர் வந்து தங்கள் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று பாடசாலையில் கடிதம் தந்தார்கள். அதை உங்களிடம் தராமல் கணிதக் கொப்பிக்குள் ஒளித்துவிட்டேன். ஒயில் படிந்த உங்கள் நகங்களை டொக்டர்மாரின் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கம். படிவத்தில் தகப்பன் தொழில் "அரச உத்தியோகம்" என்று எழுதினேன். உங்களோடு வேலை செய்த அன்ரனி அங்கிளின் மகளும் என் வகுப்பில் படித்தாள். அவருக்குக் கடிதம் கிடைத்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று யோசிக்கவே இல்லை.

பெற்றோர் பேசும் நாளன்று காலையில் வெள்ளைச் சேர்ட்டை ஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேனா என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் குனிந்து சப்பாத்தைத் தேடினேன். பிறகு சேர்ட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, காக்கியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். கண்ணை மூடி மௌத்தாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் வாப்பா கேட்கவில்லை? ஏசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இன்று பஸ் ஏறும் நேரத்தில் ஹப்ஸா என்ற மாணவி, "டீச்சர், எனக்குத் தலையிடி, நான் வரல்ல" என்று வந்து நின்றாள். அவளுடைய படிவத்தை நேற்றே பார்த்திருந்தேன். தகப்பன் தொழில்: அரச உத்தியோகம். அவளுடைய வாப்பா நௌபல் அதே டிப்போவில் மெக்கானிக் என்பதும் எனக்குத் தெரியும். "வாங்க மகள், காத்துப் பட்டாச் சரியாகும்" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். செய்தது சரியா பிழையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அன்ரனி அங்கிள் இப்போது போர்மன். தலை முழுக்க நரை, பகிடி மட்டும் குறையவில்லை. கோளாறான பஸ் ஒன்றை ஸ்டார்ட் பண்ணி, நீட்டு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கேட்கச் சொன்னார். "எங்க தட்டுதெண்டு சொல்லுங்க பாப்பம். சரியாச் சொன்னா நாளைக்கே வேலை!" பிள்ளைகள் ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தார்கள். பர்தாத் துணிக்கு மேலால் ஒன்றும் பிடிபடவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பக்கத்துப் பஸ்ஸுக்குக் கீழே, பழுதுபார்க்கும் குழிக்குள் நௌபல் தலையைத் தூக்காமல் ஒரே நட்டைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார். மகளுக்கு வெட்கம் வரக் கூடாதென்று தெரியாதவர்போல இருக்கிறார். எனக்கு அந்த வெள்ளைச் சேர்ட் ஞாபகம் வந்தது.

ஹப்ஸாவின் முறை வந்தது. அவள் பிடியைக் காதில் வைக்கவில்லை. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினாள். உம்மாவின் தையல் மெஷின் தட்டியபோது நீங்கள் எனக்குக் காட்டித் தந்த அதே இடம், வாப்பா!

"மூணாவது இன்ஜெக்டர், அங்கிள்."

அங்கிள் எஞ்சினை நிறுத்தினார். "சரியாச் சொல்லிட்டாய்! ஆரு புள்ள இத உனக்குச் சொல்லித் தந்த?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பக்கத்துப் பஸ்ஸின் அடியைப் பார்த்தாள். ஒருத்தருமில்லை என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை என்னைப்போலவே காலமெல்லாம் சுமப்பாளே!

"எங்கட வாப்பா" என்றாள். பிறகு சத்தமாக, "அந்தா, அந்த பஸ்ஸுக்குக் கீழ இரிக்காரே, அவர்தான்."

நௌபல் வெளியே வந்தார். துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார். "ஊட்டயும் இப்பிடித்தான், ஃபேன் சத்தம் போட்டாலும் உடமாட்டா" என்றார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். ஹப்ஸா நடுவில் நின்று விளக்கம் சொன்னாள். தலையிடி போன இடம் தெரியவில்லை!

அப்போது நானும் சொன்னேன், இத்தனை வருடம் கழித்து: "இந்தக் குழிக்குள்ள நிண்டுதான் எங்கட வாப்பா என்னைப் படிப்பிச்சவர்." அன்ரனி அங்கிள் மறுபக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தார். உங்களுக்குக் கேட்டதா வாப்பா?

அடுத்த மாதம் எங்கள் மண்டபத்தில் பெற்றோர் வந்து பேசும் நாள். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்தப் பிள்ளையிடமும் அந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்ப மாட்டேன். வயலோ, கடற்கரையோ, கடையோ, நானே தேடிப்போய் வாப்பாமார், உம்மாமார் கையில் கொடுப்பேன். முதல் கடிதத்தை இன்று டிப்போவிலேயே நௌபலிடம் கொடுத்துவிட்டேன். ஒயில் படாமல் இரண்டு விரலால் பிடித்து வாசித்துவிட்டு, "என்னத்த உடுத்திட்டு வாற டீச்சர்?" என்று கேட்டார்.

"வெள்ளைச் சேர்ட்" என்றேன்.

இப்படிக்கு,
டிப்போ மெக்கானிக்கின் மூத்த மகள்