அடுப்புக்குப் போன பலகைகள்

மாமரப் பலகை அறுத்த வாசனை காலையிலிருந்து தோட்டமெங்கும் இருக்கிறது. புதுக் கிணற்றின் பக்கங்கள் சரியாமல் முட்டுக் கொடுக்கத் தேவாரம் ஊரிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய பலகைகள். உங்களுக்கு அவை எரியும் வாசனைதான் பழக்கம், அப்பா.

வடக்கே பூகம்பத்தில் இடிந்த நகரத்தில், மண்ணுக்கடியில் போன தண்ணீர்க் குழாய்களெல்லாம் முறிந்துபோயின. தோண்டி மாற்ற ஆள் தேடினார்கள். நம் கிணறு வெட்டும் கூட்டத்தோடு நீங்கள் ரயில் ஏறினீர்கள், அண்ணனையும் கூட்டிக்கொண்டு. "பூமிக்குள்ள எறங்க நமக்கு எவன் சொல்லித் தரணும்?" என்று ஆத்தாவிடம் சொன்னீர்கள். அடுப்படியில் படித்துக்கொண்டிருந்த என்னிடம், "பொஸ்தகத்த மூடிட்டுச் சோத்தப் போடு" என்றீர்கள்.

திரும்பி வந்தபோது அண்ணன் இல்லை. "மண்ணு வாங்கிக்கிருச்சு" என்றீர்கள். ஊர் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதது. உங்களோடு போயிருந்த மாமா ஒருநாள் ஆத்தாவிடம் உடைந்து பேசும்வரை நானும் நம்பினேன்.

"பலக குடுத்தாக, அக்கா. குழியோட ரெண்டு பக்கமும் அடைச்சு முட்டுக் குடுக்கச் சொல்லித்தான் குடுத்தாக. மச்சான் கேக்கல. நம்ம வெட்டுன கெணறு எதாச்சும் சரிஞ்சிருக்கான்னு சிரிச்சாக. குளுருக்கு அம்புட்டையும் அடுப்புல வச்சுட்டோம்."

நம் செம்மண்ணும் சுக்காம்பாறையும் வெட்டிய இடத்தில் அப்படியே நிற்கும். பூகம்பம் உலுக்கிய அந்த மண் நிற்கவில்லை. குழாயை இறக்க அண்ணன் குனிந்திருந்தபோது இரண்டு பக்கமும் சரிந்தது.

நான் கேட்டேன்: "ஏம்ப்பா பலகைய எரிச்சீக?" சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, "பொட்டப் பிள்ளைக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்?" என்றீர்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அவன் பெயரை நீங்கள் சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்த மனுஷன் என்று உங்கள் சாவிலும் உங்களுக்காகத்தான் அழுதார்கள். பறிகொடுத்தது நானும் ஆத்தாவும்.

இன்று குழிக்குள் இறங்க வந்தவர் பலகைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"எதுக்கு தாயி இது? இந்த மண்ணு எங்க ஓடப் போகுது? உங்கய்யா இருந்தா சிரிச்சிருப்பாக."

"சிரிப்பாரு. நீங்க பலகைய எறக்குங்க."

இந்த மண் சரியாதென்று எனக்கும் தெரியும். உங்களிடம் கேட்டு வளர்ந்த அறிவுதான் அது. அதை நம்பி ஒருவரையும் நான் உள்ளே விடுவதாக இல்லை. கடைசி ஆள் மேலே ஏறி வரும்வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்து, அறுத்து மீந்த துண்டுகளைக் காட்டி, "அடுப்புக்கு எடுத்துக்கிறட்டுமா, தாயி?" என்று கேட்டாள்.

ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.