மாப்பிள்ளை பேச வந்த ஆடி

ஆடி 3, ஞாயிறு

காலையிலிருந்து பேய்க்காற்று. துணி காயப்போட்ட கொடி அறுந்து, அப்பாவின் வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். வாயைத் திறந்தால் புழுதி.

கல்யாணமாகி முதல் ஆடி என்று என்னைச் சங்கரன்கோவிலுக்கு அழைத்து வந்து வைத்தாயிற்று. எ.வீ.கா. பாளையங்கோட்டையில். ('எங்க வீட்டுக்காரர்' என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை வலிக்கிறது. பேரை எழுதக் கூச்சம். எ.வீ.கா. போதும்.)

மத்தியானம் அப்பா ஒரு செய்தியோடு வந்தார். ஊரில் சேலைக்கடை வைத்திருக்கும் நாலு பேர், அப்பாவும் சேர்த்துத்தான், கடைகளை ஒன்றாக்கி லிமிடெட் கம்பெனி ஆக்குவதாகப் பேச்சு. அதில் உள்ள நல்லது கெட்டதைச் சொல்ல வியாழக்கிழமை வர்த்தகர் சங்கத்தில் கூட்டம். பேசப் போவது யார்? காலேஜில் காமர்ஸ் சொல்லிக்கொடுக்கும் எ.வீ.கா.!

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா உடனே அதில் தண்ணீர் ஊற்றினாள். "சாப்பிட வரட்டும். ராத்திரி தங்கப்பிடாது. ஆடியில்லா?" படுக்கை, சங்கச் செயலாளர் அண்ணாச்சி வீட்டு மாடியில். நல்ல நியாயம்.

ஆடி 5, செவ்வாய்

வாங்க: தலைவாழை இலை, அப்பளம், காப்பிக்கொட்டை, சின்ன வெங்காயம். எ.வீ.கா.வுக்குக் கத்திரிக்காய் ஆகாது, அம்மாவிடம் சொல்ல.

அப்பாவுக்குச் சோறு கொண்டு கடைக்குப் போனேன். தறிக்காரர்கள் புதுச் சரக்கு கொண்டுவந்திருந்தார்கள். எந்தச் சேலை வந்தாலும் முழுக்கப் பிரித்து, தன் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் அப்பா வாங்குவார். ஊரே கேலி செய்யும். இன்றைக்கு ஓர் அரக்குச் சேலையைத் தோளில் போட்டவர் எடுக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கம்பெனி ஆயிட்டா நான் டைரக்டராம்ட்டி. நாற்காலியில இருந்தாப் போதுமாம். சரக்கு பாக்க வேற ஆளு."

"வேண்டாம்னா சொல்லிருங்கப்பா."

"மாப்பிள்ளை அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்து சொல்லுதாரு. மாமனாரே மாட்டேன்னா அவருக்கு என்ன மரியாதை இருக்கும்?"

எனக்குத்தான் கண் கலங்கியது. இந்த மனுஷருக்குக் கடைதான் உயிர். சாப்பிட்டாரா என்றுகூடப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஆடி 7, வியாழன்

எ.வீ.கா. வந்தாச்சு. மெலிந்திருக்கிறார். ஓட்டல் சாப்பாடு. எனக்கு ஆயிரம் பேச இருந்தது. அம்மா பக்கத்தை விட்டு நகர்ந்தால்தானே. சாப்பிட்டுக் கைகழுவத் தண்ணீர் ஊற்றும்போது அரை நிமிஷம் கிடைத்தது.

"மாமாவுக்குக் கம்பெனி மேல ரொம்ப ஆசை போலிருக்கே. எனக்கு என்னமோ சரியாப் படலை. நாலும் தனித்தனியா நல்லா நடக்குத கடை. ஆனா அவுக ஆசையை நான் கெடுப்பனா?"

அட கடவுளே, என்றேன். அதற்குள் அம்மா: "ஏட்டி, இலையை எடு!"

சாயங்காலம் கூட்டம். பெண்களுக்கு இடம் கிடையாது. சங்கத்துக்கு எதிர் வீட்டு மாடியில் நின்று மைக்கில் கேட்டேன். நன்றாகப் பேசினார். நூல் விலை ஏறி இறங்கும் கூத்து. நாலு பேர் சேர்ந்து வாங்கினால் தறிக்காரர்களுக்குக் கொடுக்கும் நூல் மலிவு. மில் துணியோடு போட்டி. கம்பெனியானால் எதற்கும் போர்டு கூடித்தான் முடிவு. கடைசியில், "சந்தேகம் இருந்தா யாரும் கேக்கலாம்" என்றார்.

யார் கேட்பார்கள்? ஊர் மாப்பிள்ளையைக் குறுக்குக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவாம். மாமனார் வேறு முன்வரிசையில். ஒரே ஒருவர் எழுந்து, "மாப்பிள்ளை காப்பி குடிச்சாச்சா?" என்றார். கைதட்டல். எல்லாருக்கும் சம்மதம் என்று எ.வீ.கா. நினைத்திருப்பார். பாவம்.

கையெழுத்து ஆவணி பிறந்ததும். வாய்வார்த்தை நாளைக் காலை, எங்கள் வீட்டில். எ.வீ.கா. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. இந்த ஆடியைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் இருக்கிறது.

ஆடி 8, வெள்ளி

லேசான சாரல்.

கூடத்தில் நாலு கடைக்காரர்களும் எ.வீ.கா.வும். நான் இட்லித் தட்டோடு நிலைப்படியில். செயலாளர் அண்ணாச்சியும் நாலில் ஒருவர். அவர் கேட்டார்: "அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே?"

அப்பா எ.வீ.கா.வைப் பார்த்தார். எ.வீ.கா. அப்பாவைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள்.

எனக்கு வந்ததே கோபம்!

"அப்பாவுக்கு இஷ்டம் இல்லை. மாப்பிள்ளைக்காகத் தலையாட்டுதாக. இவுகளுக்கும் இஷ்டம் இல்லை. மாமாவுக்காகத் தலையாட்டுதாக. பின்ன யாருக்கு இந்தக் கம்பெனி?"

உள்ளே அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"மெய்யா மாப்பிள்ளே?" அப்பா கேட்டார்.

"மெய்தான் மாமா. நீங்க ஆசைப்படுதீங்கன்னுல்லா நெனச்சேன்."

செயலாளர் அப்பாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. நானும் உங்களுக்காகத்தான் சரின்னேன்." மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். இட்லி பத்தாமல் இன்னோர் ஈடு வைக்க வேண்டியதாயிற்று.

அப்பாவுக்குக் கடை திறக்கும் அவசரம். மாப்பிள்ளையிடம் போயிட்டு வாங்க என்று சொல்லக்கூட மறந்து ஓடினார். மற்றவர்களும் பின்னாலேயே. அம்மா கோபத்தில் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கூடத்தில் நாங்கள் இரண்டே பேர்.

எ.வீ.கா. பெட்டியை எடுத்தார். கீழே வைத்தார்.

"நீயும் இப்படி எனக்காகத் தலையாட்டுனது ஏதும் உண்டா?"

"ஒண்ணு உண்டு."

"என்ன?"

"ஆடிக்கு இங்க வந்தது. அம்மை வீட்டுக்குப் போறியான்னு கேட்டீக. சரி, அனுப்பத்தான் ஆசைப்படுதீகன்னு வந்தேன்."

எ.வீ.கா. பெட்டி மேலேயே உட்கார்ந்தார்.

"உனக்குத்தான் போக ஆசைன்னு நெனச்சு நான் கேட்டேன்."

தெருமுனையில் பாளையங்கோட்டை போகும் ஒன்பது மணி பஸ்ஸின் ஹாரன். இரண்டு பேரும் அசையவில்லை.