நடுவில் நின்றவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் குறைந்தனவா? நான் நலம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

நேற்று சீரியல் படப்பிடிப்பில் கணவன் மனைவி சண்டைக் காட்சி. மனைவி கத்திக்கொண்டே தட்டை உடைக்க வேண்டும். நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க வீட்டுல இப்படிச் சண்டை போட மாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

"பின்ன எப்படி?" என்று முறைத்தார் இயக்குநர். சொன்னேன். "எடுத்துப் பார்ப்போம். சொதப்பினா நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார்.

மனைவி மகளிடம், "சாப்பாடு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். இரண்டடி தள்ளி நின்ற கணவன், "பசிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றான். நடுவில் சிறுமி திருதிருவென்று விழித்தாள். "அட, எங்க வீடேதான்!" என்று லைட்மேன் சத்தமாகச் சிரித்துவிட்டதால் மறுபடி எடுத்தார்கள். இயக்குநரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இனி வசனம் எழுதுவதே நான்தான் அம்மா! வெள்ளிக்கிழமை டைட்டிலில் என் பெயர் வரும். அப்பாவையும் உட்காரவைத்துப் பாருங்கள்.

என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். இங்கே வாங்கியதில் தூக்கம் வரவில்லை. வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். நான் இல்லாத வீட்டில் இப்போது யாரிடம் சொல்லச் சொல்கிறீர்கள்? அடுத்த சண்டைக்கு எனக்குப் போன் போடுங்கள். அப்பாவிடம் நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தூது போய்ப் பழகிய உங்கள் மகள்