பேறுகாலத்துக்கு உன் அத்தை வருவார்

உ

ஸ்ரீவில்லிபுத்தூர்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் காளீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், வயிற்றில் கிடக்கிற பிள்ளையும் நேரத்துக்கு உதைத்துக்கொண்டு உன்னைத் தூங்கவிடாமல் பண்ண வேண்டும். உங்க அப்பா சுகம், சர்க்கரை கூடவில்லை, காலையில் கோபுரம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். என் சுகத்தை மட்டும் இப்படி ஒரு வரியில் எழுதி முடிக்க முடியவில்லை, அதனால்தான் போனை எடுக்காமல் தாளை எடுத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் அப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா பிளவக்கல்லுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கா என்று அவர் சொல்லிவந்தது பொய். அணையில் தண்ணி இருக்கோ இல்லையோ பிளவக்கல்லுல கல்யாணம் மட்டும் வத்தாம நடக்கு போல என்று நீ போன வாரம் குத்தலாகக் கேட்டாயாம். அப்போது நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாயைத் திறந்து பேச முடியவில்லை, அதுதான் நிஜம்.

இடது கன்னத்துக்கு உள்ளே, நான் வெற்றிலையும் புகையிலையும் அதக்கிவைக்கிற இடத்தில், ஒரு புண் ஆறாமல் கிடந்தது. காரம் பட்டால் எரிகிறது என்று நான் உன்னிடம் சொன்னது அதைத்தான், நீ வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிடச் சொன்னாய். மதுரையில் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். இப்போதே பயந்து அழுதுவிடாதே, முழுவதும் படி. ஆப்பரேஷனுக்கு என் இதயம் இடம் தராது, கரண்டு வைத்துக் கரைக்கலாம் என்றார் டாக்டர். இங்கே எல்லாரும் கரண்டு வைக்கிறது என்றுதான் சொல்கிறார்கள், ரேடியேஷன்தான் அது. இந்த வயசுல இவ தாங்குவாளா என்று அப்பா கேட்டதற்கு, வயசைப் பாத்து இல்ல ஐயா, தெம்பைப் பாத்துத்தான் வைக்கிறோம், அம்மாவுக்குத் தெம்பு இருக்கு, எடை குறையாம பாத்துக்கோங்க, நடுவுல ஒரு நாள்கூட நிறுத்திறாதீங்க என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? மகளுக்குத் தலைப்பிரசவம், கனடா போய்விட்டு வந்து வைத்துக்கொள்கிறேனே என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கலியாணமாகி எத்தனையோ வருஷம் கழித்துப் பிறந்தவள் நீ, உனக்கும் அதே மாதிரி காத்துக்கிடந்து தரித்திருக்கிறது. பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் உனக்குப் பேறுகாலம் நடக்கக் கூடாது என்று எனக்கு ஒரே பிடிவாதம். கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், உடனே தொடங்கினால் உன் தேதிக்குக் கொஞ்சம் முந்தி முடிந்துவிடும், வாயை மூடிக்கொண்டு முடித்துவிட்டு விமானம் ஏறிவிடலாம், உனக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் நீங்கள் எனக்கு எடுத்துவைத்த டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லாமல் வாரேன் வாரேன் என்று அப்பாவை விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கரண்டு வைப்பதற்கு முன்னால் ஆடுகிற பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள், பிறகு கரண்டு பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு கெட்டுப்போகுமாம். வெந்நீரில் இளக்கின பிளாஸ்டிக் வலையை முகத்தோடு அமுக்கி, அது இறுகினதும் அச்சாக எடுத்துக்கொண்டார்கள். தினமும் அந்த அச்சை முகத்தில் மாட்டி, தலை அசையாமல் மேசையோடு பூட்டிவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். வலி ஒன்றும் கிடையாது, செத்த நேரம்தான். வலியெல்லாம் பிறகுதான் வருகிறது. நாக்கில் ருசி போய்விட்டது, எச்சில் பசை மாதிரி நூல் நூலாக வருகிறது, விழுங்கவும் முடியாது துப்பவும் முடியாது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மதுரை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு கவருக்குள் துப்பிக்கொண்டே போவேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருத்தி வாடை தாங்காமல் எழுந்து போய் நின்றுகொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு போடும்போது பிள்ளைகளிடம் கையைக் கழுவு, வாயைத் துடை என்று எத்தனை வருஷம் அதட்டினவள் நான். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் என் தப்பு. அந்த மிஷின் அறையில் யுவராணி என்று தளவாய்புரத்துப் பிள்ளை ஒருத்தி வேலை பார்க்கிறாள். முதல் நாளே தாலிச் செயினையும் மூக்குத்தியையும் கழற்றச் சொல்லிவிட்டாள். அச்சுக்குள்ள இடிக்கும் அம்மாச்சி, வேணும்னா மஞ்சக் கயித்தைத் தழையக் கட்டிக்கோங்க, ஆனா கழுத்துல சோப்பு பவுடர் மஞ்சள் ஒண்ணும் படக் கூடாது என்றாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் தினமும் குளித்ததும் கயிற்றுக்கு மஞ்சள் பூசினேன். மறதி என்று சொல்லி உன்னிடமும் பொய் சொல்ல மாட்டேன், தெரிந்தேதான் பூசினேன். செயினையும் கழற்றியாயிற்று, மஞ்சளையும் விட்டு அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். கழுத்துத் தோல் கறுத்து உரிய ஆரம்பித்ததும், மஞ்சள்தான் புண்ணை ஆற்றுமே என்று இன்னும் கூடவே பூசினேன். கழற்றின அச்சுக்குள் மஞ்சள் ஒட்டியிருப்பதைப் பார்த்து யுவராணி, என்ன அம்மாச்சி உள்ளுக்குள்ள ரசப்பொடி திரிச்சிருக்கீங்க என்று சிரித்தாள். குழம்பு சிந்திவிட்டது என்றேன். கஞ்சி தவிர ஒன்றும் இறங்காதவளுக்குக் குழம்பு எங்கிருந்து வரும்? தலைப்பை விலக்கிப் பார்த்தாள், அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சதை தெரிகிறது, இது காய்கிற வரைக்கும் கரண்டு வைக்க முடியாது என்று நிறுத்திவிட்டார். நிறுத்துகிற ஒவ்வொரு நாளும் நோய்க்குத்தான் லாபம் என்றும் சொன்னார்.

வெளியே வராந்தாவில் நான் எதற்காக மஞ்சள் பூசினேன் என்று அப்பாவிடம் சொன்னதும் அவருக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஏட்டி, நான் கல்லுக்குண்டு மாதிரி உன் முன்னால நிக்கேன், எனக்காகவா இந்தக் கழுத்தை வேக வச்ச என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டே அந்தக் கயிற்றை அவர் கையாலேயே அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நீ முழுசா வா, பொறவு ஊரறியக் கட்டுதேன் என்றார். பெஞ்சில் இருந்த ஒரு பெண் கண்ணைப் பொத்திக்கொண்டாள். எங்களோடு கரண்டுக்கு வருகிற சிவனாண்டி என்ற பெரியவர், தொண்டையில் பீடியால் வந்தது அவருக்கு, கரகரத்த குரலில் அப்ப எங்களுக்கெல்லாம் மறுபடி ஒரு பந்தி இருக்குன்னு சொல்லுங்க என்றார், நாங்க எங்கன சாப்பிட என்று அவரே சொல்லிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வாயும் வரவில்லை, மனசும் வரவில்லை. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பூக்காரி என் கழுத்தைப் பார்த்துவிட்டு, நீட்டின பூவை மெதுவாகக் கூடைக்குள் இழுத்துக்கொண்டு, அண்ணாச்சிக்கு என்னக்கா ஆச்சு என்கிறாள். அண்ணாச்சி என் முதுகுக்குப் பின்னால் நின்று வாழைப்பழம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நின்றுபோன நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் உன் தேதி தாண்டித்தான் எனக்கு முடியும். முடிந்தாலும் உடனே பயணம் கூடாது என்கிறார்கள். என்னால் உன் பேறுகாலத்துக்கு வர முடியாது, காளி. நேற்று அப்பாவும் நானும் ராஜபாளையத்துக்கு உன் அத்தை வீட்டுக்குப் போனோம். போன வருஷம் எடுத்த விசா அவர்களுக்கு இருக்கிறது அல்லவா, எனக்குப் பதிலாகப் போக முடியுமா என்று கேட்கத்தான். பெண்ணைப் பெற்றவள் தன் கடமையைச் செய்யச் சொல்லி சம்பந்தி வாசலில் போய் நிற்கிறேனே என்று பஸ் முழுக்க எனக்கு உடம்பு கூசியது. அதோடு இந்த வீட்டுப் பெண்ணுக்கும் நாளைக்கு இது வருமோ என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயம் வேறு. அப்பாதான் பேசினார், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அத்தை எல்லாம் கேட்டுவிட்டு, ஏன் மதினி, எம்மருமகளுக்கு ஆத்தா ஒருத்திதான்னு நெனச்சுட்டீகளோ, எங்கிட்டச் சொன்னா உங்க வாய்ல முத்து உதிர்ந்துருமா என்று வாசல் வரைக்கும் கேட்கும்படி வைதார்கள். வைதுகொண்டே எழுந்துபோய்ச் சாதத்தை மோரோடு மைபோலக் கரைத்துக் கொண்டுவந்து ஸ்பூனால் ஊட்டினார்கள். எனக்குப் பாதி வெளியே வழிந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவர்கள் தங்கள் முந்தானையாலேயே என் வாயைத் துடைத்தார்கள், அதே ஸ்பூனால் அடுத்த வாயும் கொடுத்தார்கள். திட்டினதைவிட அதுதான் தாங்க முடியவில்லை. நான் போறேன், நீங்க நாள் தப்பாம மதுரைக்குப் போங்க, பிள்ளையைத் தூக்கிட்டு வரும்போது முத்தங்கொடுக்க ஒரு கன்னமாவது மிச்சம் வையுங்க என்றார்கள். அழுதுகொண்டே தலையாட்டினேன்.

இன்றைக்கு மறுபடி மிஷினில் வைத்துவிட்டார்கள். மருந்து தவிர கழுத்தில் ஒன்றும் படவில்லை, அப்பா தினமும் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்கிறார். நீ இந்த நிலையில் விமானம் ஏறுகிறேன் என்று கிளம்பிவிடாதே, அது எனக்கு இன்னொரு தண்டனை. இரும்புச் சத்து மாத்திரையைப் பாலோடு போடாதே, இடது பக்கம் ஒருக்களித்துப் படு, அத்தை பத்தியம் என்று எதையாவது கொடுத்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடு. கேமராவைத் திறந்து வைத்து உட்காருகிறேன். என்னால் பேச முடியாது, நீதான் பேச வேண்டும். முகம் வீங்கியிருக்கும், பல் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. நீ பயந்து பார்வையைத் திருப்ப மாட்டாய், நான்தான் வெட்கப்பட்டுத் திருப்பிக்கொள்வேன். அப்படித் திருப்பினால் இங்கே பாரும்மா என்று அதட்டு.

நீயும் பிள்ளையும் இரண்டு உயிராக நல்லபடியாகப் பிரிந்து, நூறாயுசு இருக்க வேண்டும் என்று பெரிய மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம் சொல். டிக்கெட்டை இன்றைக்கே ரத்து பண்ணச் சொல்லிவிடு, மறந்துவிடாதே.

உன் அம்மா,
க. அய்யம்மாள்.