ஒரே ஆணியில் இரண்டு டோக்கன்

செப்டம்பர் 9, செவ்வாய்

சொல்வது நான், எழுதுவது மருமகள். எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. மூன்று வருஷமாக இந்த நோட்டு இப்படித்தான் ஓடுகிறது.

இன்று கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் வகுப்பு இல்லை. டூல் ரூமைத் துடைத்தேன். அலமாரிக்குப் பின்னால் அந்தக் கம்பி கிடந்தது; பத்தொன்பது பித்தளை டோக்கன் கோத்த கம்பி. போன ஜனவரியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தபோது புதிதாக அடித்தது. டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டு அரத்தை வாங்கிப் போக வேண்டும், அரத்தைக் கொடுத்துவிட்டு டோக்கனை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் என் கணக்கு. இந்தப் பத்தொன்பதும் ஆணி ஏறியது இரண்டே நாள். பிறகு ஆபீஸ்காரர்கள் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நம் பிள்ளைகளுடைய டோக்கன் கை பட்டுப் பட்டுக் கறுத்துவிட்டது. இவை இன்னும் மின்னுகின்றன. பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி விடுதி, தனி பஸ். ஒர்க்‌ஷாப் நேரத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து திரையில் லேத் ஓடுவதைப் பார்க்கிறார்கள். திரையிலிருந்து ஒரு சுருள் இரும்பாவது கீழே விழுமா?

செப்டம்பர் 11, வியாழன்

துறைத் தலைவரிடம் கேட்டே விட்டேன். ஏன் சார் அந்தப் பிள்ளைகளை மிஷின் பக்கமே விடுவதில்லை?

"நாம சொல்றது அவங்களுக்குப் புரியாது. பாதுகாப்பு போர்டைக்கூட முழுசா படிக்கத் தெரியாது. ஒரு விரல் போச்சுன்னா தூதரகத்துலேருந்து போன் வரும், தெரியுமா?"

"நம்ம பிள்ளைங்க விரலுக்கு யாரு சார் போன் பண்ணுவா?"

முறைத்தார்.

"அந்த போர்டை நானும் படிச்சதில்ல சார். நாப்பத்தொரு வருஷம். எண்ணிக்குங்க" என்று பத்து விரலையும் அவர் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டினேன்.

ஒன்பது லேத்தும் ஓடும்போது யார் பேசுவது யாருக்குக் கேட்கும்? நிறுத்து, மெதுவாக, எண்ணெய் விடு, எல்லாமே கைஜாடைதான். அந்த இரைச்சலில் எல்லோருமே வெளிநாட்டுக்காரர்கள்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

தலைவர் ஒரு தாளை நீட்டினார். "வழக்கமான பேப்பர்தான், கைநாட்டு வைங்க. அடுத்த வாரம் அங்கீகாரம் கொடுக்கற ஆய்வுக் குழு வருது."

"என்ன சார் எழுதியிருக்கு?"

"கைநாட்டு வைக்கிற ஆளுக்கு உள்ள என்ன இருக்குன்னு எதுக்குங்க?"

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மருமகளிடம் படிக்கச் சொன்னேன். அவள் வேலை பார்ப்பதும் அதே கல்லூரி ஆபீஸில்தான். பாதி வரை கடகடவென்று படித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. வெளிநாட்டு மாணவர் பத்தொன்பது பேரும் போன பருவத்தில் பன்னிரண்டு நாள் நேரடிப் பயிற்சி செய்தார்கள், டூல் ரூம் பொறுப்பாளர் இதற்குச் சாட்சி.

பன்னிரண்டா! ரெண்டு நாள் வந்த பிள்ளைகளுக்குப் பன்னிரண்டா! நான் சாட்சியா!

"யாரும்மா டைப் அடிச்சது இதை?"

"நான்தான் மாமா."

செப்டம்பர் 16, செவ்வாய்

வைக்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

மருமகள் சாப்பிடும்போது பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நவம்பரோட நீட்டிப்பு முடியுது. வேணாம்னா வீட்டுல உக்காந்துடுவீங்க. எனக்கு அந்த நாற்காலியில இன்னும் இருபது வருஷம் இருக்கு மாமா. அவங்க சொல்றதை அடிக்கிறேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

என்ன செய்யச் சொல்வேன்? அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் என் கட்டைவிரல் என்னுடையது. இதையும் எழுதிக்கோ என்றேன். பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். (இது வியாழக்கிழமை எழுதியது.)

செப்டம்பர் 19, வெள்ளி

டூல் ரூம் ஜன்னலில் இரண்டு தலை. ஒன்று வெளிநாட்டுப் பிள்ளைகளில் உயரமான பெண். நான் வைத்த பேர் நெட்டை. இன்னொன்று நம் வகுப்புப் பிரதிநிதி, கண்ணாடி. அவள் அவனிடம் இங்கிலீஷில் சொல்ல, அவன் என்னிடம் சொன்னான்.

"டோக்கன் வேணுமாம் தாத்தா. ஊருக்குப் போனதும் அவங்க காலேஜ்ல மிஷின் முன்னாடி நிறுத்தி ஒரு தண்டு கடைஞ்சு காட்டச் சொல்வாங்களாம். திரையில பார்த்தேன்னு சொன்னா திருப்பி முதல் வருஷத்துல உக்கார வச்சுடுவாங்களாம்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா எங்க பாட்டையும் பாருங்க. இப்பவே ஏழு பேருக்கு ஒரு லேத். இவங்களும் வந்தா நாங்க எங்க போறது? பசங்க ஒத்துக்கமாட்டாங்க" என்றான்.

அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இருக்கட்டும். நெட்டை ஜன்னல் கம்பியை விடவே இல்லை. நல்ல பிடி.

செப்டம்பர் 24, புதன்

வந்தார்கள். மூன்று பேர். கூட தலைவர், அவருக்குப் பின்னால் வகுப்பே. குழுவில் நரைத்த தலையுடன் ஓர் அம்மா. சாட்சித் தாளில் கைநாட்டு இல்லையே என்று அவர்தான் கேட்டார். "பெரியவருக்கு ஞாபக மறதி" என்றார் தலைவர்.

எனக்கு! மறதி!

சொன்னேன். "பிப்ரவரி நாலு, செவ்வாய். பத்தொன்பது பேரும் வந்தாங்க. பத்தொன்பது அரம் கொடுத்தேன். ஒண்ணுக்குக் கைப்பிடி ஆட்டம், அது அந்த நெட்டைப் பொண்ணுகிட்ட போச்சு. பிப்ரவரி பதினொண்ணு, அதுவும் செவ்வாய். பதினெட்டு பேர், ஒருத்தருக்குக் காய்ச்சல். அதுக்கப்புறம் யாரும் வரல. வந்தாங்கன்னு நான் சொல்லமாட்டேன்."

அந்த அம்மா ஆணியிலிருந்து ஒரு கறுத்த டோக்கனை எடுத்து நீட்டினார். "இது?"

"முப்பத்தேழு. மார்ச் பதினெட்டு, துளை போடற பிட் வாங்கினான். முனை உடைஞ்சு திரும்பி வந்துச்சு. 'வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு'ன்னான்."

முப்பத்தேழு கண்ணாடிதான். வகுப்பே சிரித்தது. அவன் காது வரைக்கும் சிவந்தான். "உண்மைதான் மேடம்... நான்தான் உடைச்சேன்" என்றான்.

பிறகு அந்த மின்னுகிற கம்பியை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு டோக்கனாகத் தடவிப் பார்த்தார்.

செப்டம்பர் 26, வெள்ளி

வெளிநாட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு நாள் பயிற்சியையும் முடிக்கும்வரை எங்கள் துறைக்கு அங்கீகாரம் நிறுத்தி வைப்பு. சனிக்கிழமைகளில் ஒர்க்‌ஷாப் திறக்கும்.

தலைவர்: "நாப்பத்தொரு வருஷம் சோறு போட்ட இடத்துக்கு நல்லாச் செஞ்சீங்க."

நான்: "சும்மா போடலயே சார், வேலை வாங்கிட்டுத்தானே போட்டீங்க."

மருமகள் என்னோடு பேசவில்லை. எழுதித் தருகிறாள், அவ்வளவுதான்.

அக்டோபர் 4, சனி

முதல் சனி. கூடுதல் நேரம் மிஷின் கிடைக்கும் என்று நம் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இந்தச் சுவரோரம் ஒரு கூட்டம், அந்தச் சுவரோரம் ஒரு கூட்டம். நடுவே ஒன்பது லேத் அனாதையாக நின்றன.

ஜன்னலைத் திறந்து சத்தமாகச் சொன்னேன். "ஒரு ஆணிக்கு ரெண்டு டோக்கன். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பளபளப்பு. தனியா வந்தா ஸ்பேனர்கூடக் கிடையாது."

"யாரு தாத்தா போட்ட ரூல் இது?"

"ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிக்கறவன் போட்டது."

"இது என்ன கல்யாணமா, ஜோடி சேர்த்து விடறீங்க?" என்றான் ஒருவன்.

"கல்யாணம்னா பிடிக்கலேன்னாலும் ஓட முடியாது. இது ஒரு மணி நேரம்தான், தாங்கிக்கோ."

கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. கடைசியில் கண்ணாடி பெருமூச்சு விட்டுக்கொண்டு தன் டோக்கனை மாட்டினான். அதன்மேல் நெட்டை தன்னுடையதை மாட்டினாள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். மிஷின் போதாமல் பத்து ஜோடி தங்கள் முறைக்காக நின்றுகொண்டே இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆபீஸ் பக்கம் போனால் யாரும் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நல்லதுதான், அவர்களுக்குக் கழுத்து வலி மிச்சம்.

அக்டோபர் 18, சனி

கண்ணாடியும் நெட்டையும் இன்று மிஷினை நிறுத்திவிட்டுச் சண்டை போட்டார்கள். தண்டு அரை மில்லிமீட்டர் அதிகமாக இறங்கிவிட்டது. கைச்சக்கரத்தைக் கூடுதலாகத் திருப்பியது யார்? அவள் அவள் பேச்சில் திட்டினாள், அவன் நம் பேச்சில் திட்டினான். ஒரு சொல்லுக்குக்கூட யாரும் அர்த்தம் கேட்கவில்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஜன்னலுக்கு வந்து இன்னொரு தண்டு கேட்டார்கள். "இதுவும் வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சா?" என்றேன். நெட்டைக்கு அவன் விளக்கிச் சொல்லிக்கொண்டே போனான். லேத் வரைக்கும் அவள் சிரிப்புச் சத்தம்.

ஒன்பது மாதமாக இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் புன்னகைதான் செய்தார்கள். ஒருத்தரும் உரிமையோடு சண்டை போட்டதில்லை.

நவம்பர் 22, சனி

எட்டாவது சனி. பழைய இரண்டையும் சேர்த்தால் பத்து. இன்னும் இரண்டு பாக்கி. என் நீட்டிப்பு வருகிற முப்பதாம் தேதியோடு சரி. புது ஆள் வந்து அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனான், படித்த பையன். இரண்டு டோக்கன் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். "விட்டுடாதே" என்றேன். "பசங்களே விடமாட்டாங்க போலிருக்கே ஐயா" என்றான்.

நவம்பர் 25, செவ்வாய்

மருமகள் இன்று நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து நோட்டைத் திறந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

ஆய்வுக் குழுவுக்கு அனுப்பும் அறிக்கையை அடிக்கச் சொன்னாராம் தலைவர். "ரெண்டு நாள்தானே குறையுது. பன்னிரண்டுன்னு போட்டு இன்னிக்கே முடிச்சுடுங்க" என்றாராம்.

"நீ என்னம்மா போட்டே?"

"பத்துன்னு போட்டேன் மாமா. மீதி ரெண்டும் டிசம்பர் ஆறுக்குள்ள முடியும்னு போட்டேன். கிழிச்சுப் போட்டாரு. திரும்பவும் பத்துன்னே அடிச்சுக் கொடுத்துட்டு வந்துட்டேன்." பேனாவைத் திறந்தாள். "இதையும் எழுதணுமா?"

"எழுதும்மா."

எழுதினாள். யார் அடித்தது என்று தாளின் அடியில் பேர் போடும் வழக்கம் அந்த ஆபீஸில் கிடையாதாம். இந்த முறை போட்டிருக்கிறாள். பக்கத்தில் என் கட்டைவிரலுக்கும் இடம் விட்டிருக்கிறாளாம்.